பஞ்சு அடைத்த முந்திரிக்கொத்து

முன்னறையில் ரெஜிஷா வீடே அதிரும்படி சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி, அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த செசிலியின் காதில் விழுந்தது.

"யம்மோ, முந்திரிக்கொத்து! கண்டியளா, நெசம் போலேயே இருக்கு! நான் எடுத்து வாயில வைக்கப் போனேன் பாத்துக்கிடுங்க!"

செசிலியின் கையிலிருந்த மீன் நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. உடம்பில் ஓடிய ரத்தமெல்லாம் ஒரே நொடியில் முகத்துக்கு ஏறியதுபோல் இருந்தது.

"எங்க, இங்க காட்டு" என்றது தம்பி ததேயுஸின் குரல். "ஆமாட்டி, மூணு உருண்டையும் ஒட்டிக்கிட்டு அச்சு அசலா இருக்கு. நூல்லயா செஞ்சது? இது எங்க அக்காவுக்க கையா?"

"அவங்க கைதான்" என்றது மூன்றாவது குரல். "கடைக்காரருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நூறு எண்ணம் கேக்கினும்."

அந்த மூன்றாவது குரலை எந்தக் கூட்டத்திலும் செசிலியால் தனியாகப் பிரித்தெடுக்க முடியும். ஞானதாசன்! இரண்டு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் காத்திருந்து கேட்ட குரல். இன்றுவரை அவர் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. திருவிழாவுக்காக லேஸ் கூடம் பூட்டிக் கிடந்ததால் வீட்டைத் தேடி வந்திருக்கிறார். வந்தவர் அவளுடைய மானத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, தம்பியின் மடியிலும் தம்பி பெண்டாட்டியின் கையிலும் வைத்துவிட்டார்.

ஐயோ! அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரிந்தால்?

இனயத்தில் செசிலியைத் தெரியாதவர்கள் கிடையாது. "லேஸ் செசிலி" என்றால் மீன் வாங்க வந்த வெளியூர்க்காரனுக்குக்கூட வழி காட்டுவார்கள். இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் ஜனவரியில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின டிசம்பரில் கடல் வந்தது. வள்ளமும் வலையும் போயின. கல்யாணத்துக்கென்று வாங்கிவைத்த பெட்டியும் போயிற்று. உயிர் மிஞ்சியதே பெரிது என்று எல்லாரும் முழங்காலில் நின்று நன்றி சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் "கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றார்கள். அந்தப் பொறுமை, குளச்சலில் வேறொரு பெண் கிடைத்ததும் முடிந்துபோனது.

பிறகு மடத்துச் சகோதரிகள் கடற்கரைப் பெண்களுக்குக் குரோஷா சொல்லிக்கொடுக்கக் கூடம் தொடங்கினார்கள். கொக்கி வைத்த அந்தச் சின்ன ஊசியைப் பிடித்தபோது செசிலிக்கு இருபத்தேழு வயது. இப்போது முப்பத்துநான்கு. அவள் பின்னிய லேஸ் எத்தனையோ கோயில்களில் பீடத்துணியின் ஓரத்தில் தொங்குகிறது. அவள் பின்னிய வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு எத்தனையோ மணப்பெண்கள் கோயில் படி ஏறியிருக்கிறார்கள். தலையணை உறையில் பெண்ணின் முதல் எழுத்தையும் மாப்பிள்ளையின் முதல் எழுத்தையும் சிவப்பு நூலில் அவளே கோத்துக் கொடுத்திருக்கிறாள். தன் எழுத்தின் பக்கத்தில் கோக்க இன்னொரு எழுத்து அவளுக்கு வாய்க்கவில்லை.

ஞானதாசன் நாகர்கோவில் கடை ஒன்றுக்காக நூலைக் கொண்டுவந்து கொடுத்து, பின்னி முடித்த லேஸை எடுத்துப் போகிறவர். துபாயில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நாற்பது நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். போன கிறிஸ்துமஸுக்கு செசிலி வீட்டில் சுட்ட முந்திரிக்கொத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும் உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரித்தது. இந்தப் பக்கத்தில் முந்திரிக்கொத்து இல்லாமல் கல்யாணப் பலகாரப் பெட்டி நிறையாது. அவர் இரண்டு தின்றார். விரலைத் துடைத்துக்கொண்டே, "இது கெட்டுப்போவாம எப்பமும் கையில இருந்தா எப்பிடி இருக்கும்!" என்றார்.

சும்மா சொன்ன வார்த்தைதான். பசித்தவன் காதில் விழுந்தால் சோற்றுப்பானை திறக்கும் சத்தமும் கோயில் மணி மாதிரிதான் கேட்கும். செசிலிக்கு அப்படித்தான் கேட்டது.

மூன்று மாதம் யோசித்தாள். மஞ்சள் நூலை எடுத்தாள். ஆறு கண்ணியில் ஆரம்பித்து, வட்டத்தைப் பெருக்கி, மறுபடி குறுக்கி, உருண்டை உருண்டையாகப் பின்னினாள். பொரித்த மாவின் நிறம் சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை பிரித்தாள். மூன்றாவது உருண்டையை மூடும் முன்பு, தன் கைக்குட்டையின் மூலையை வெட்டி, அதில் சிவப்பு நூலால் இரண்டே எழுத்து தைத்தாள். 'செ'. 'ஞா'. அதைப் பஞ்சுக்கு நடுவில் வைத்து மூடினாள். அவர் அதைப் பார்க்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அவர் கையில் அது இருந்தால் போதும் என்றுதான் நினைத்தாள். போன சனிக்கிழமை, லேஸ் பையின் அடியில் காகிதத்தில் பொதிந்து வைத்துவிட்டாள்.

அங்கேதான் பிசகிப்போனது. பையில் புதிதாக எது வந்தாலும் அது கடைக்குச் சாம்பிள். கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது. ஏழு வருடம் வேலை செய்தவள் அதை மறந்தாள். ஆசை வந்தால் மனுஷிக்குத் தொழிலும் மறந்துபோகும்போல.

"இருக்கட்டும் அண்ணே" என்றான் முன்னறையில் ததேயுஸ். "ஊரு பெண்ணுவளுக்கெல்லாம் நூலு சுமந்தே ஒமக்கு வயசு போவுது. ஒமக்கக் கல்யாணத்துக்கு எப்பம் முந்திரிக்கொத்து தின்னுகது?"

ஞானதாசன் மெல்லச் சிரிப்பது கேட்டது. "நாளைக்கு மொத ஓலை வாசிக்கினும். முட்டத்துல பொண்ணு. அம்மைக்க நிர்ப்பந்தம், முடிவாயிட்டு."

ஓலை என்றால், கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்கிற கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சாமியார் ஊரறியச் சொல்லுவது. அவர் வேறு கோயில் பங்கைச் சேர்ந்தவர். அந்த ஊர்ப் பேச்சு இந்தக் கரைக்கு வந்து சேரவில்லை. செசிலி அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர்கூட வரவில்லை. வெட்கம்தான் வந்தது. காதுவரை சுட்டது. ஒருத்திக்கு நிச்சயமான ஆணுக்கா நான் எழுத்து தைத்தேன்?

"ஏங்க, அந்தக் கத்திரியை எடுங்க" என்றாள் ரெஜிஷா. "உள்ள பஞ்சா, தேங்காய் நாரான்னு பாப்போம். நூறு செய்யணும்னா நானும் மைனிக்கு ஒத்தாசை செய்யாண்டாமா?"

"வேண்டாம், வெட்டப்பிடாது" என்றார் ஞானதாசன் அவசரமாக. "சாம்பிளாக்கும் அது."

"ஒரு உருண்டைதானே அண்ணே! மைனி கண்ண மூடிக்கிட்டே தச்சிருவாவ."

மேசை இழுப்பறை திறக்கும் ஓசை. கத்திரியின் கிறீச்.

செசிலி ஓடினாள். கை கழுவவில்லை, தலைமுடி கலைந்து கிடந்தது, முன்றானையில் செதில் ஒட்டியிருந்தது. எந்த மனிதருக்கு முன்னால் இரண்டு வருடமாக ஒரு சுருக்கம் இல்லாமல் சேலை உடுத்தி நின்றாளோ, அவர் முன்னால் அந்தக் கோலத்தில் போய் விழுந்தாள். ரெஜிஷாவின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினாள்.

"உள்ள பஞ்சுதான்! வேற ஒண்ணும் இல்ல!"



"எக்கா, மீன் கையாலயா பிடிச்ச!" என்று ததேயுஸ் தலையில் கைவைத்தான்.

"சரியாப் போச்சு" என்றாள் ரெஜிஷா. "மைனிக்க முந்திரிக்கொத்துல இப்பம் சாளை வாசமும் சேந்தாச்சு. கடைக்காரன் கூடுதலா தருவான்!"

இருவரும் சிரித்தார்கள். ஞானதாசன் சிரிக்கவில்லை. செசிலி அவர் முகத்தைப் பார்க்காமல் உருண்டைகளை விரலால் தடவினாள். மூன்றாவது உருண்டையின் அடியில் விரல் நின்றது.

குரோஷாக்காரி நூலை முடிக்கும்போது முனையைக் கண்ணிகளுக்குள்ளேயே இழுத்து மறைத்துவிடுவாள். முடிச்சு வெளியே தெரியாது. இங்கே முடிச்சு தெரிந்தது. கடற்கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் கண்ணை மூடினாலும் தெரியும் முடிச்சு. கிழிந்த வலையைப் பொத்தும்போது ஆண்கள் போடும் இறுக்கமான வலை முடிச்சு.

உருண்டையை அமுக்கிப் பார்த்தாள். துணியின் மடிப்பு விரலில் தட்டுப்படவில்லை. வெறும் பஞ்சு.

அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். இரண்டு எழுத்தையும் படித்திருக்கிறார். படித்துவிட்டு, மறுபடி தைத்து, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். தம்பிக்குத் தெரிந்துவிடுமோ என்று ஓடிவந்தவளுக்கு, தெரியக்கூடாத ஆளுக்கே தெரிந்துபோனது அப்போதுதான் புரிந்தது. பூமி பிளந்தால் அப்படியே இறங்கிப் போயிருப்பாள்!

"புது சாம்பிள் வந்தா உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்கது எனக்க வேலை" என்றார் ஞானதாசன். ததேயுஸைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்காக நிதானமாக வந்தது. "வீட்டுல வச்சு நானே பிரிச்சேன். வேற ஒருத்தரும் காணல்ல. கடைக்காரருக்கும் தெரியாது. அதனால வெட்ட வேண்டாம்னு சொன்னேன். நூறுக்கும் பஞ்சு மட்டும் அடைச்சா போதும்."

"அது போதும், அது போதும்" என்றான் ததேயுஸ். "எக்கா, ஓணத்துக்குள்ள முடிச்சிருவியா?"

அவர்கள் மூவரும் அவளைப் பார்த்தார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தன் வெட்கத்தை மஞ்சள் நூலில் நூறு தடவை பின்னித் தர அவள் ஒப்புக்கொண்டாகவேண்டும்.

"செய்யலாம்" என்றாள் செசிலி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

அந்த நேரத்தில் திருவிழாக் கமிட்டியிலிருந்து கொட்டகைக்கு ஆள் வேண்டும் என்று யாரோ தெருவில் நின்று கூப்பிட, ததேயுஸ் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். ரெஜிஷா பொம்மையை எடுத்துக்கொண்டாள். "லீமாக்கிட்ட காட்டிட்டு ஓடி வாறேன் மைனி. அவளும் வாயில வைக்காளான்னு பாக்கட்டு!" அடுத்த வீட்டிலிருந்து சிரிப்பு கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அறையில் அவர்கள் இருவரும் நின்றார்கள். இரண்டு வருடமாக அவள் கேட்ட தனிமை இது. இப்படியா கிடைக்கவேண்டும்?

ஞானதாசன் மஞ்சள் நூல் கண்டுகள் நிறைந்த பையை நாற்காலியில் வைத்தார். வாசல்வரை நடந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பாமல் சொன்னார்.

"நூலுக்கு அடியில காகிதத்துல பொதிஞ்சு வச்சிருக்கு. நீங்களே எடுத்துக்கிடுங்க. அதை எறிய எனக்கு மனசு வரல்ல. வச்சிருக்கவும் எனக்கு நியாயம் இல்ல."

செசிலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் தண்ணீர் விரல் நுனியிலிருந்து சொட்டியது.

"நீங்க தப்பு ஒண்ணும் செய்யல்ல" என்றார் அவர். "எனக்கு முந்தியே தெரிஞ்சிருந்தா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க அவள் விடவும் இல்லை. முடித்துவிட்டால், அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு இன்னும் ஏழு வருடம் உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. முட்டத்தில் ஒரு பெண் நாளைக் காலை கோயிலில் உட்கார்ந்து தன் பெயரையும் இவர் பெயரையும் சேர்த்துக் கேட்கப்போகிறாள். அவளுக்கு அது நல்லபடியாகக் கேட்கட்டும்.

"நூலு பத்தல்லன்னா கூடத்துல சொல்லி விடுகேன்" என்றாள். பிறகு, கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவரைக் கூப்பிடும் அந்தச் சொல்லை, அவள் மட்டும் இரண்டு வருடமாக வாயில் வராமல் தவிர்த்த அந்தச் சொல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"போயிட்டு வாங்க, அண்ணே."

ஞானதாசன் அரை நொடி நின்றார். தலையை ஆட்டினார். முற்றத்து மணலில் இறங்கி ஸ்கூட்டரை மிதித்தார். வண்டி இரண்டாம் மிதியில் கிளம்பியது. தெரு முக்கில் கட்டியிருந்த கொடித் தோரணத்தின் கீழே குனிந்து, திரும்பிப் பார்க்காமல் போனார்.

செசிலி கதவைச் சாத்தினாள். மீன் நாறும் கையால் கொண்டியை இழுத்துப் போட்டாள்.