அம்மாவின் ரிவால்வரும் சித்தப்பாவின் அரமும்

அம்மாவிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. நாங்கள் அகதிகளாக வந்து குடியேறிய மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் பழைய பலகை வீட்டில், நிலத்தோடு போல்ட் அடித்த இரும்புப் பெட்டிக்குள் அதை வைத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்த ஒருத்தி ஒருநாள் சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனாள். அதிலிருந்து சனிக்கிழமை என்றால் கிளப்தான்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீர் என்னெண்டா துவக்கைத் தேடிப் போறீர்" என்பார் அப்பா. அம்மா போய்ச் சுட்டுவிட்டு வந்து சோறு வைப்பாள்.

லைசென்ஸ் அவளுக்கு மட்டும்தான். பெட்டியின் சாவி அப்பாவிடம்கூட இருக்கக்கூடாது. லைசென்ஸ் இல்லாத ஒருவர் ரிவால்வரைத் தொடுவதென்றால் அவள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மீறினால் லைசென்ஸ் பறிபோகும், அதோடு ரிவால்வரும் கிளப்பும் போகும். இது இன்றைக்கு எனக்குத் தெரியும். பத்து வயதில் தெரிந்தது, பெட்டிக்குக் கிட்டப் போனால் அடி விழும் என்பது மட்டும்தான்.

அந்த ரிவால்வரின் விசை கடினமானது. இழுக்கும்போது அம்மாவின் கை ஆடி, குறி விலகிவிடும். கிளப்பில் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. வெஸ்ட்கேட் பக்கம் துப்பாக்கி திருத்துகிற ஒரு வெள்ளைக்காரரிடம் கொடுக்கப்போவதாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

சித்தப்பாவும் அப்போது மேசையில் இருந்தார்; அவர் பாபடோயிட்டோ என்ற இடத்தில் கார் மெக்கானிக். எங்கள் வாஷிங் மெஷின், பின்பக்கத்து டெக், கூரை ஒழுக்கு எல்லாம் அவர் திருத்தியவைதான். கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

"என்ன அண்ணி, நான் இருக்கேக்க வெள்ளையனிட்டயோ குடுக்கப்போறியள்? ஒரு ஸ்பிரிங் அலுவல். வீடியோவில எல்லாம் கிடக்கு."

"இது வாஷிங் மெஷின் இல்லைத் தம்பி."

"அவன் எஞ்சினையே பிரிச்சுப் பூட்டுறவன்" என்றார் அப்பா. அதோடு முடிந்தது. வீட்டு ஆள் இருக்க வெளியாளைப் பிடித்தால் எங்கள் குடும்பத்தில் அது அவமானம். வேலை நாசமாகப் போனாலும் பரவாயில்லை.

அம்மா பெட்டியைத் திறந்து, தோட்டா இல்லை என்று காட்டி, ரிவால்வரைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சித்தப்பா ரிவால்வரின் பக்கத் தகட்டைக் கழற்றினார். அப்போதுதான் ஹாலிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"இஞ்சருமப்பா, தம்பிக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுமன்."

அம்மா எழும்பவில்லை. அப்பாவின் அடுத்த குரல் அதட்டலாக வந்தது. எழும்பிக் குசினிக்குப் போனாள். சொந்த ரிவால்வரை மேசையில் விட்டுவிட்டு, லைசென்ஸையும் பணயம் வைத்து, தேத்தண்ணி போட்டாள். கோப்பையோடு அவள் வரும்போது சித்தப்பா ஸ்பிரிங்கில் கொஞ்சம் வெட்டி, உள்ளே ஏதோ ஒன்றை அரத்தால் ராவியும் முடித்திருந்தார்.

"இப்ப இழுத்துப் பாருங்கோ அண்ணி. பஞ்சு மாதிரிக் கிடக்கும்."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அம்மாகூடச் சிரித்தாள்.

போட்டிக்கு நானும் கூடப் போயிருந்தேன். அவளுடைய முறை வந்தது. இழுத்தாள். டிக். இன்னொன்று. டிக். பாதிக்கு மேல் வெடிக்கவில்லை. வெட்டிய ஸ்பிரிங்குக்குத் தோட்டாவின் பின்பக்கத்தை அடித்து வெடிக்க வைக்கப் பலம் போதவில்லை. துடைப்பதையும் எண்ணெய் போடுவதையும் வீட்டில் செய்யலாம், செய்யவும் வேண்டும். அரத்தை எடுக்கிறவன் அந்த வேலையைப் படித்திருக்க வேண்டும். இதைக்கூடச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டிய ஆம்பிளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளப்பிலிருந்து நேரே வெஸ்ட்கேட்டுக்குப் போனோம். வெள்ளைக்காரர் ரிவால்வரைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். யார் இதைச் செய்தது என்று கேட்டார்.

"மை அங்கிள்..." என்று தொடங்கினேன். அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. நகம் சட்டையைத் தாண்டி இறங்கியது.

"நான்தான். வீடியோ பார்த்துச் செய்தேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் நிறையச் சொன்னார். சில ரிவால்வர்கள் இப்படிக் கைவைத்த பிறகு தொட்டாலே வெடிக்குமாம். வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு இது என்ன விளையாட்டு என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்து எல்லாவற்றுக்கும் "யெஸ், சாரி" என்றாள். திருத்தித் தருவதாகச் சொல்லி அவர் ரிவால்வரை வாங்கி வைத்துக்கொண்டார்.

காரில் நான் கத்தினேன். "வை டிட் யூ லை? ஹி டிட் இட்!"

"பேசாம இரு. இந்தக் கதை வீட்டில ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. விளங்குதோ?"

ஏன் வெடிக்கவில்லை என்று வீட்டில் அப்பா கேட்டதற்குத் தோட்டா பழசு என்றாள். "நானும் அதைத்தான் நினைச்சன்" என்றார் சித்தப்பா, அடுத்த ஞாயிறு எங்கள் மேசையில் இருந்துகொண்டு. அம்மா அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போட்டாள். எனக்கு அழுகை வந்தது. இந்த மனிசனுக்காக இவள் ஏன் ஊரானிடம் பேச்சு வாங்கினாள் என்று நினைத்தேன். சித்தப்பாவைக் காப்பாற்றத்தான் அம்மா அன்றைக்குப் பொய் சொன்னாள் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன், லைசென்ஸ் விதிகளை நானே வாசிக்கும்வரை.