தம்பி துப்பிய குழாய்

என் தம்பிக்கு எதையும் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. காலையில் சாப்பிட்ட தோசையைக்கூட குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் அவனுக்குச் செரிக்கும். அப்படிப்பட்டவன் பூர்வீகம் கண்டுபிடிக்கும் டி.என்.ஏ. சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, என் வீட்டில் உட்கார்ந்து, சின்னக் குழாய்க்குள் துப்பிவிட்டு, "தீபாவளிக்கு ரிசல்ட் குரூப்ல வரும்லா" என்றான்.

என்னோடு இருக்கும் அம்மாவின் பாஸ்போர்ட்டுக்காகப் பழைய காகிதங்களைக் கிளறியபோது ஒரு தத்துப் பத்திரத்தைப் பார்த்திருந்தேன். அம்மா, பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் ஒரு சீனக் குடும்பம் தமிழ் வீட்டுக்குக் கொடுத்த பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படி வளர்ந்த பிள்ளைகள் உண்டு. அம்மா வாயே திறந்ததில்லை. நிறத்தைக் கேட்டால் "எங்கப்பா நல்ல சிவப்பு" என்பார். நாங்களும் நம்பினோம். கண்ணின் வடிவமே தெரியாதபடி பட்டையாக மை இடாத அம்மாவை யாரும் பார்த்ததில்லை. நானும் மூச்சு விடவில்லை.

தம்பி கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தான். வசதியாகப் போயிற்று. படிவத்தைக் கைப்பேசியில் நானே நிரப்பினேன். மின்னஞ்சல் கேட்ட இடத்தில் என்னுடையதைப் போட்டேன். 'டி.என்.ஏ. ஒத்துப்போகும் உறவினர்களைக் காட்டலாமா' என்பதற்கு அவனைக் கேட்காமலே 'வேண்டாம்' என்று தட்டினேன். எவளோ ஒரு சீனப் பெரியம்மா வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது? அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரிசல்ட் வந்தது. பாதிச் சீனம். இன்னும் வரவில்லை என்று இரண்டு வாரம் தம்பியிடம் பொய் சொல்லிச் சலித்துப்போய், கடைசியில் அம்மாவிடமே காட்டினேன்.

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "குரூப்ல போட்டுட்டானா?"

"இல்லம்மா. எனக்குத்தான் வந்துச்சு."

"சரி. அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்." இன்னொரு இறாலை எடுத்துக்கொண்டே, "அதுல என் கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார். எழுபத்தாறு வயதில் குரல் அவ்வளவு சின்னதாக வந்தது.

நான் தட்டிய 'வேண்டாம்' ஞாபகம் வந்தது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நான் செய்ததை உளறி முடித்தேன். "இப்பவே மாத்திடறேன்மா."

"நீ மாத்தாதே. அவன் எச்சில்தானே, அவனைக் கேளு."

தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வருவதற்குள் அம்மா முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மை இட்டுக்கொள்ளவில்லை.