வேலுவும் யூசுப்பும் ஒரே பக்கம்

போன வாரம் செருப்பு வார் அறுந்துபோயிற்று. லஸ் முனையில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். இந்த வயதில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் முன்னால் ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றேன். ஊறிய தோலும் நூலுக்குப் பூசும் மெழுகும் சேர்ந்து ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறியதும் எனக்கு நெற்றி வலித்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே வலித்தது. பக்கத்தில் இரண்டு பையன்கள் ஃபோனைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எவனை எடுக்கணும்னே தெரியாம எடுக்கறானுங்க மச்சி. நல்லவனை உட்டுட்டு இவனைப் போய் எடுத்து வெச்சிகீறான்.”

“எடுத்து இன்னா பண்றது? எவனாவது பாஸ் குடுக்கறானா? அவனவன் தனியா தள்ளிக்கினு ஓட்றான்.”

கடல் தாண்டி எங்கேயோ ஆடுகிற ஒரு டீமாம். அதற்கு ஆள் பொறுக்கும் வைபவம் முந்தின நாள் நடந்திருக்கிறது. அந்த டீமும் எனக்குத் தெரியாது, அந்த ஆட்டமும் எனக்குப் புரியாது. ஆனால் அந்த எரிச்சல் தெரியும். அதே எரிச்சலை அறுபது வருஷத்துக்கு மேலாக வயிற்றில் வைத்துக்கொண்டு சோறு தின்கிறவன் நான்.

நெற்றி வலித்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஃபுட்பால் தோலால் தைத்தது. அதன் வாய் வழியாக ரப்பர் பிளாடரைத் திணித்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, வாயைத் தோல் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். மழையில் நனைந்தால் பந்து பூசணிக்காய் கனம் கனக்கும். அதைத் தலையால் முட்டும்போது நாடாக் கட்டு நெற்றியில் பட்டதென்றால் குலதெய்வம் நேரில் வரும். நான் ஒரே ஒரு முறை முட்டினேன். நான் ஆட்டக்காரன் இல்லை, வெளியே நின்று கத்துகிறவன் என்பது அன்றைக்கே முடிவாயிற்று.

கத்துவதற்கும் ஓர் இடம் வேண்டுமே? எங்களுக்கு அது மயிலாப்பூர்க் குளத்துக்குத் தெற்கே இருந்த கவுஸ் பாயின் வாடகை சைக்கிள் கடை. யுத்த காலத்தில் புது பிளாடர் கண்ணில் காணக் கிடைக்காது. இருந்த ஒரே பிளாடருக்கு ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான். அதனால் டீம் விஷயத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை அதிகம். இன்னொருவர் சேஷு சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மூன்றாவது ஆள் ரேஷன் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த நான். பகலெல்லாம் கார்டில் முத்திரை குத்திய கையோடு சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தால், ஒரு குப்பி சோடாவை வைத்துக்கொண்டு விளக்கு வைக்கும்வரை பேசுவோம். யாரை முன்னால் போடுவது, யாரைப் பின்னால் தள்ளுவது, ஏன் ஒருத்தனும் பாஸ் கொடுப்பதில்லை, எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆட மட்டும்தான் தெரியாது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷத்தில் ஆட்டக்காரர்களும் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் குளத்துச் செட்டிலும் பதினோரு பேர் தேறவில்லை, மாம்பலம் செட்டிலும் தேறவில்லை. திரும்பி வந்தவர்கள் வந்த பிறகும், ஆழ்வார்பேட்டைக்கும் தேனாம்பேட்டைக்கும் நடுவில் இருந்த திடல் ஒன்று, பந்து ஒன்று, செட்டு இரண்டு. ஆகவே பெரியவர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் எல்லா ஆட்டக்காரர்களும் ஒன்றாக நிற்க வேண்டும், உத்தி பிரித்து இரண்டு செட்டாகப் போக வேண்டும்.

உத்தி பிரிப்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சம பலமுள்ள இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “வெள்ளிக்கிண்ணி வேணுமா, வெங்கலக்கிண்ணி வேணுமா?” என்று கேப்டனைக் கேட்பார்கள். அவர் கேட்ட பெயருக்குரியவன் அவர் பக்கம், மற்றவன் எதிர்ப் பக்கம். அடுத்த ஜோடி அடுத்த கேப்டனிடம் போகும். கில்லி விளையாடும் பிள்ளைகளுக்கு ஏற்பட்டது இது. மீசை முளைத்தவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்க் குசுகுசுத்துவிட்டு வருவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நியாயமான ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

அந்த நியாயத்தில்தான் வினை இருந்தது. இரண்டு செட்டுக்கும் சேர்த்து வேலுவும் யூசுப்பும்தான் முதல் தரம். யார் உசத்தி என்று எங்கள் மூவருக்கே முடிவு தெரியாது. சமமானவர்கள் என்பதால் உத்தியில் அவர்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. ஜோடி என்பதால் எந்த வருஷமும் ஒரே பக்கம் வரவே முடியாது. ஒரு வருஷம் எங்களுக்கு வேலு, ஒரு வருஷம் யூசுப். புரிகிறதா? யாரும் சதி செய்யவில்லை, ஏற்பாடே அப்படி.

அவர்களைச் சேர்த்துப் பார்க்காமலே இருந்திருந்தால் வயிறு எரிந்திருக்காது. ஒரு தடவை பார்த்துவிட்டோம். அடையாற்றுப் பக்கம் கூடாரம் அடித்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஒரு மாட்சுக்கு வந்தார்கள். இரண்டு செட்டும் சேர்ந்து ஒரே டீமாக எதிர்த்தோம். அவர்கள் பூட்ஸ் காலோடு, நம்மவர்கள் வெறுங்காலோடு. வேலையிலிருந்து ஓட்டமாக ஓடி வேலு வந்து சேர்ந்தபோது கால் மணி நேரம்தான் பாக்கி, இரண்டு கோல் வாங்கியிருந்தோம். வந்தவன் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் யாருமே இல்லாத இடத்துக்குப் பந்தைத் தள்ளினான். “போச்சுடா!” என்றார் சேஷு சார். பந்து அங்கே போய்ச் சேரவும் யூசுப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அந்தக் கால் மணியில் இரண்டு கோலும் திரும்பின. மாட்ச் முடிந்ததும் கவுஸ் பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வாய்த்த ஆட்டத்தைக் கேளுங்கள். வேலு அதே மாதிரி காலி இடத்துக்குப் பந்தைத் தள்ளுவான். அங்கே ஒருத்தனும் வரமாட்டான். பந்து உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டிப் போகும்.

“யூசுப்பு இல்லாத எடத்துக்கே பாஸ் குட்த்துக்கினு கீறான் நைனா,” என்பார் கவுஸ் பாய். “இன்னா பண்றது, அவன் காலு மறக்க மாட்டேங்குது.”

இப்படி மூன்று வருஷம். யுத்தம் முடிந்து மறு வருஷம் வைகாசி மாதத்தில் ஒரு செய்தி வந்தது. சீசன் முடிந்ததும் யூசுப் பம்பாய்க்குப் போகிறான், மாமாவின் கடைக்கு. இனிமேல் திரும்ப மாட்டான். எங்கள் மூவருக்கும் அன்றைக்குச் சோடா இறங்கவில்லை.

கவுஸ் பாய்தான் வழி கண்டுபிடித்தார். “வேலுக்கு சமமா வேற ஒருத்தனைக் காட்டணும். அப்போ அவுங்க ரெண்டு பேரும் தனித்தனி ஜோடி. ரெண்டையும் நாமளே இஸ்துக்கலாம்.”

“வேலுவுக்கு சமமா எவன்டா இருக்கான்?” என்றார் சேஷு சார்.

“இல்லாட்டி இன்னா? நாம சொன்னா கீறான்.”

அப்படிப் பிறந்தவன்தான் மகா ஆட்டக்காரன் மாசிலாமணி. விறகுத் தொட்டியில் கோடாலி பிடிக்கிறவன். கால் இரண்டும் தேக்கு. பந்து அவனிடம் வந்தால் ஆகாயத்தைப் பார்த்து ஓர் உதை, அவ்வளவுதான். அது எந்தப் பக்கம் இறங்கும் என்பது அவனுக்கும் தெரியாது. அவனை நாங்கள் ஒன்றரை மாதம் புகழ்ந்தோம். கடைக்குப் பங்க்சர் ஒட்ட வந்தவன், பிராக்டீஸ் பார்க்க வந்தவன், ஒருத்தனையும் விடவில்லை. “அவன் உதைக்கிறதிலே ஒரு ஜியாமெட்ரி இருக்கு. நேத்திக்கு ஆத்துல ஊஞ்சல்ல படுத்துண்டு அதையேதான் யோசிச்சிண்டிருந்தேன்,” என்று சேஷு சார் சொல்லும்போது எனக்கே நம்பலாம் போல இருந்தது. மாம்பலத்துக்காரர்கள் நம்பினார்கள். மாசிலாமணியும் நம்பினான், பாவம். தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வர ஆரம்பித்தான்.

வேலுவிடமும் யூசுப்பிடமும் ரகசியமாகப் பேசியாயிற்று. இரண்டு பேரும் தின்கிற பொருளாகப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியது. முதல் ஜோடியும் மூன்றாவது ஜோடியும் எங்கள் கேப்டன் சிங்காரத்தின் முறைக்கு வரும்படி நிற்க வேண்டியது. சிங்காரத்துக்குச் சேதி சொல்கிற வேலை என்னுடையது. “முதல் ஜோடியில தின்கிற பொருள் வேலு, மூணாவதுல தின்கிற பொருள் யூசுப். அதைக் கேளு,” என்றேன். அவர் தலையை ஆட்டினார். மாசிலாமணியைப் பற்றி நாங்கள் சொன்னதெல்லாம் புளுகு என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

உத்தியன்று வேலுவும் மாசிலாமணியும் புளியமரத்தடியிலிருந்து வந்தார்கள்.

“மாம்பழம் வேணுமா, மத்தளம் வேணுமா?”

சிங்காரம் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: “மத்தளம்.”

மாசிலாமணி வாயெல்லாம் பல்லாக எங்கள் பக்கம் வந்து நின்றான். நான் ஓடிப்போய் சிங்காரத்தின் கையைப் பிடித்தேன். “இன்னாபா பண்ணிட்டே! தின்கிற பொருள்தான் வேலுன்னு சொன்னேன் இல்ல?”

“சொன்னே. அதான் மத்தளத்தைக் கேட்டேன். ஒன்ற மாசமா மாசிலாமணி மாதிரி ஆளு மெட்ராஸ்லயே இல்லன்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க?”

கவுஸ் பாய் “யா அல்லா” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

போகட்டும், யூசுப்பாவது வருவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது ஜோடி வந்தது. யூசுப்பும் ஒரு கோல்கீப்பரும். “கரும்பு வேணுமா, கல்லு வேணுமா?” சிங்காரம் இந்தத் தடவை கரும்பு கேட்டார். கோல்கீப்பர் வந்தான். யூசுப் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்ற வேலுவிடம் போய் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். வேலு எந்தப் பக்கம் போனான் என்று பார்த்துவிட்டு மரத்தடிக்குப் போனவன், வேண்டுமென்றே கல்லை வைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் அதுதானே கடைசி சீசன்? அவனுக்கு வேண்டியிருந்தது வேலு. குளமா மாம்பலமா என்கிற கவலையெல்லாம் எங்களுக்குத்தான். இது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அவனைத் துரோகி என்றுதான் திட்டினேன்.

அந்த சீசன் முழுக்க அவர்கள் ஒரே பக்கம் ஆடினார்கள். நான் எதற்காக ஏங்கினேனோ அது தினமும் சாயங்காலம் என் கண் முன்னால் நடந்தது, எதிரி செட்டில். ஒவ்வொரு பாஸும் தப்ப வேண்டும் என்று கபாலியை வேண்டிக்கொண்டு நின்றேன். கவுஸ் பாய் கை தட்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். சீசனின் கடைசி ஆட்டத்தில் நாங்கள் மூன்று கோல் வாங்கினோம். ஒவ்வொரு கோல் விழுந்ததும் எங்கள் மாசிலாமணி, ஆட்டக்களத்துக்குள் நின்றுகொண்டு, “இன்னா ஆட்டம் நைனா!” என்று கை தட்டினான். வெளியே வந்தவனை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

யூசுப் பம்பாய் போனான். ஒரு கார்டு வரவில்லை. வேலு, சேஷு சார், கவுஸ் பாய் எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சைக்கிள் கடை இருந்த இடத்தில் ஃபோன் ரிப்பேர் பார்க்கிறார்கள். திடல் முழுக்க அடுக்குமாடி.

அந்த சீசனுக்கு முப்பது வருஷம் கழித்து மாம்பலம் ஸ்டேஷனில் ஒரு நரைத்த தடியர் என் கையைப் பிடித்தார். “சார், நான் மாசிலாமணி. நீங்கதானே என்னைப் பெரிய பிளேயர்னு சொன்னது?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“பொய்யின்னு மொத மாட்ச்லயே தெரிஞ்சிபோச்சி சார்,” என்று சிரித்தார். “ஆனா அந்தப் பொய்யாலதான் உள்ள நின்னு பாத்தேன். நீங்கள்லாம் வெளிய நின்னுதானே பாத்தீங்க.”

பெஞ்சில் உட்கார்ந்து டிபன் டப்பாவை வேலுவாகவும் மூக்குக்கண்ணாடிக் கூட்டை யூசுப்பாகவும் வைத்து, அந்தக் கடைசி ஆட்டத்தின் கோல்களைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் கோல், எத்தனை பாஸ், யார் கால், எந்தக் கால். நான் ஞாபகம் இருக்கிற மாதிரி தலையாட்டினேன். ஒன்றுகூட ஞாபகம் இல்லை. சிப்பாய்களோடு ஆடிய அந்தக் கால் மணி நேரம்தான் இருக்கிறது, சீசன் முழுவதும் பார்த்ததில் ஒரு பாஸ்கூட மனசில் தங்கவில்லை. இரண்டாவது கோலும் சொல்லி முடித்தார். “மூணாவது கோலுதான் சார் கோலு,” என்று டப்பாவை நகர்த்தும்போது வண்டி வந்தது. அடுத்த வண்டி பத்து நிமிஷத்தில் வந்திருக்கும். வீட்டில் எனக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை. “இன்னொரு நாள் பார்க்கலாம்,” என்று ஏறிவிட்டேன். அடுத்த வருஷமே அவரும் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

செருப்பு தைத்தாயிற்று. பையன்கள் இன்னும் சண்டையை முடிக்கவில்லை. அவர்களிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? அந்த மூன்றாவது கோல் விழுந்தபோது நானும் திடலில்தான் இருந்தேன், கோட்டிலிருந்து ஐந்தடி தூரத்தில். தலையைக் குனிந்துகொண்டு சிங்காரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.