தண்ணீரில் விட்ட முட்டை

அந்த வாடை சரியாகக் காலை ஏழு மணிக்கு வரும். எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையின் சாத்திய ஜன்னல் இடுக்கிலிருந்து கிளம்பி, நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும் கிணற்றடிவரை வந்து மூக்கின் உள்ளே சுருக்கென்று குத்திவிட்டு, ஐந்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோலப் போய்விடும். அம்மா அதைப் "புளிச்ச வாடை" என்றாள். அப்பா "ஆசிட்" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. இரண்டில் எது பயங்கரமோ அதையே நம்புவது என் வழக்கம்.

அது தொண்ணூற்றொன்றாம் வருடம். மே மாதத்தில் எங்கள் ஊரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து, அதுவரை கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் நெடுஞ்சாலை லாரிக்காரர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்த ஸ்ரீபெரும்புதூர், உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிப்போயிற்று. பெரிய பை வைத்திருந்தால் சந்தேகம், பையே இல்லாமல் வந்தால் அதைவிடச் சந்தேகம். போலீஸ்காரர்கள் வீடு வீடாக வந்து, யார் வாடகைக்கு இருக்கிறார்கள், எந்த ஊர், என்ன வேலை என்று எழுதிக்கொண்டு போனார்கள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று தெருக்காரர்களைக் கேலி செய்த அப்பா, வாசல் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் வாங்கி வந்தார்.

எங்கள் பின்கட்டு அறையில் செல்வியக்காவும் அவள் கணவரும் குடியிருந்தார்கள். தை மாதத்திலேயே வந்தவர்கள், திருநெல்வேலிப் பக்கம். அவர் நெடுஞ்சாலையோரம் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையில் முதல் ஷிப்டுக்குப் போவார். நாங்கள் எழுந்திருக்கும்போது கிளம்பியிருப்பார். எங்கள் வீடு சைவம். அறை பார்க்க வந்தபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "கவிச்சி உண்டா?" மீன், கறி, முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்தான். செல்வியக்கா இல்லை என்று தலையாட்டினாள். திருநெல்வேலிப் பக்கம் சுத்த சைவக்காரர்கள் உண்டு என்று அம்மாவே கேள்விப்பட்டிருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. நாலு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஜூன் மாதத்தில்தான் அந்த வாடை ஆரம்பித்தது, அதுவும் மே மாதத்துக்கு அடுத்த ஜூன்.

சந்தேகம் என்பது எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து. எனக்கு அதில் கொஞ்சம் கூடுதல் பங்கு வந்துவிட்டது. கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றால் ஜன்னல் இடுக்கில் ஒரு கண் பொருந்தும். முதல் நாள் பார்த்தது ஒரு பாட்டில்: லேபிள் இல்லாமல், பச்சைத் தண்ணீர் மாதிரி எதையோ வைத்திருந்த பாட்டில். அதிலிருந்து செல்வியக்கா ஒரு கரண்டி எடுத்து ஸ்டவ்மேல் இருந்த பாத்திரத்தில் ஊற்றியதும் வாடை என் கண்ணையே வந்து தொட்டது. மறுநாள் டைம்பீஸைப் பார்த்தேன். அதை ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, செல்வியக்கா பாத்திரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள், காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அம்மாவின் பன்னீர் ரோஜாச் செடியடியில் ஏதோ வெள்ளைப் பொடியைக் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினாள். அந்தச் செடி அந்த வருடம் பூத்ததுபோல எந்த வருடமும் பூத்ததில்லை; அது ஏன் என்று மட்டும் நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை. அம்மா தினமும் முதல் பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அப்போது எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. ஆளுக்கொரு துப்பறியும் கதை. என் பங்குக்கு என்னிடம் ஆசிட், டைம்பீஸ், வெள்ளைப் பொடி மூன்றும் இருந்தன. ஆனால் வீட்டில் சொன்னபோது, அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்தாமல், "அடுத்த வூட்டு ஜன்னல்ல உனக்கு என்னடி வேலை" என்றாள். எனக்கு அழுகை வந்தது. என்னை நம்பாமல் போகிறார்களே என்ற ஆத்திரத்தில், "ஒரு வயரும் இருக்குதும்மா" என்றேன். அம்மா கை நின்றது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பாவோடு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். குடித்தனக்காரர் விவரம் எழுத ஏற்கனவே வந்து போனவர், எங்கள் ஊர்க்காரர், நல்ல தொப்பை. கதவைத் தட்டினார்கள். உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டது. இரண்டாவது முறை தட்டியபோது செல்வியக்கா கதவைத் திறந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. திரி ஸ்டவ்மேல் அலுமினியப் பாத்திரம். அதில் தண்ணீர் கொதிக்காமல், ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நடுவில், ஓடும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல், மெல்லிய வெள்ளைத் துணியில் மஞ்சளை முடிந்துபோட்டது மாதிரி, ஒரு முட்டை நடுங்கிக்கொண்டிருந்தது.

கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார். "இது இன்னாம்மா ஐட்டம்? அவிச்சதும் இல்ல, ஆப்பாயிலும் இல்ல, அம்மணமா கீது" என்றார். செல்வியக்கா அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். கலியாணத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டதாம். பாட்டிலில் இருந்தது வினிகர். ஒரு கரண்டி விட்டால்தான் வெள்ளைக்கரு பிரிந்து போகாமல் மஞ்சளைச் சுற்றிக்கொள்ளும். டைம்பீஸ், மூன்று நிமிடக் கணக்குக்கு. ஜன்னலைச் சாத்துவது, காற்றில் திரி ஆடினால் சூடு ஏறி இறங்கும் என்பதற்கு. வெள்ளைப் பொடி முட்டை ஓடு. குப்பையில் போட்டால் தெரிந்துவிடும் என்று, எங்கள் அம்மியைத் தீட்டுப்படுத்தாமல் பாட்டிலையே உருட்டிப் பொடித்தாளாம். முட்டைகளை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். அவளுக்கு அது ஐந்தாம் மாதம். உடம்பில் ரத்தமில்லை, தினம் இரண்டு முட்டை சாப்பிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டோடு அவித்தாலும் எண்ணெயில் போட்டாலும் அவளுக்கும் குமட்டும், எங்களுக்கும் தெரிந்துவிடும். எங்களுக்கு மரியாதை கொடுத்துத்தான் அவள் அத்தனையும் மறைத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

"வயர்னு சொன்னீங்களே சார், எங்க?" என்று கான்ஸ்டபிள் அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அறைக்குள் துணி காயப்போடக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கொடியைக் காட்டினேன். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு, முட்டை குழைந்துவிடப் போகிறது, எடும்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

வெடிகுண்டு இல்லை என்ற நிம்மதி எங்கள் வீட்டில் ஒரு நாழிகைகூட நிற்கவில்லை. அம்மா அன்றைக்கே ரோஜாச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். சாமி படத்தை மஞ்சள் தண்ணீரால் துடைத்தாள். ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். போலீஸ் வந்து போன வீட்டுக் குடித்தனம், அதுவும் பேச்சிலேயே வெளியூர் என்று தெரிகிற குடித்தனம். அந்த மாதத்தில் அவர்களுக்கு எங்கள் தெருவில் மட்டுமல்ல, ஊரிலேயே யாரும் இடம் கொடுக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்த களைப்போடு செல்வியக்காவின் கணவர் படப்பை, குன்றத்தூர் என்று தினமும் வீடு தேடி அலைந்ததை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் நாளன்று வண்டியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது, செல்வியக்கா கிணற்றடிக்கு வந்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"கதவத் தட்டியிருந்தா ஒனக்கும் ஒண்ணு தந்திருப்பேம்லா, ஏட்டி" என்றாள்.

அந்தக் குழந்தை பிறந்ததா, ஆணா பெண்ணா, எங்கே வளர்ந்தது, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. இப்போது அந்தப் பின்கட்டும் இல்லை, கிணறும் இல்லை. அங்கே வரிசையாக ஆறு அறைகள் கட்டித் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு விட்டிருக்கிறோம். ஆதார் நகல் கேட்கிறோம். கவிச்சி உண்டா என்று கேட்பதில்லை. கேட்டால் ஆறு அறையும் காலியாகத்தான் கிடக்கும்.

அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு எலும்பு தேய்ந்து, தசை வற்றி, போன வருடம் டாக்டர் முட்டை சாப்பிடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் மறுத்தாள். பிறகு ஒரு நாள் காலை நான் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஓரத்தில் குமிழி வந்ததும் அடுப்பைத் தணித்து, ஒரு கரண்டி வினிகர் விட்டேன். முட்டையைச் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, தண்ணீரைக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுழற்றி, நடுவில் மெதுவாகச் சரித்தேன். மூன்று நிமிடத்தில் ஜல்லிக் கரண்டியால் எடுத்து உப்பும் மிளகும் தூவினேன். கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்லவில்லை. ஆனால் வாடை சொல்லிவிட்டது.

பாதி சாப்பிட்டதும் அம்மா கேட்டாள்: "வயர்னு அன்னிக்குச் சொன்னியே, பொய்தானே?"

முப்பது வருடத்துக்கு மேல் தொண்டையில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் வெளியே விட்டேன். "ஆமாம்மா."

"தெரியும். அந்த ரூம்ல கொடி கட்டினதே நான்தானே."

"அப்பறம் ஏம்மா அவங்களக் காலி பண்ணச் சொன்ன?"

அம்மா தட்டைப் பார்த்தாள். "முட்டைக்குத்தான்" என்றாள். பிறகு மீதியையும் சாப்பிட்டு முடித்தாள்.