ஜமீலா பீவி பழக்கிய நாய்

மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு நாயோடு வருவது சின்ன விஷயமில்லை. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரன் நாயைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுவான். தனி ஆட்டோ பிடித்தாலும், "சீட்டுல ஏத்தாதிய, கால்மாட்டுல போட்டுக்கிடுங்க" என்பான். ஜமீலா பீவி புர்காவெல்லாம் ரோமமாக, கால்மாட்டில் நாயை இறுக்கிப் பிடித்தபடி மாதாமாதம் எங்கள் நாய் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்குவார். இறங்கும்போதே கண்ணில் தூக்கம் மிச்சமிருக்கும்.

என் பெயர் ஞானையா. கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருந்தால் என் மனைவி லில்லிக்குப் பொறுக்காது என்பதால், இங்கே டாக்டருக்கு நாய்களைப் பிடித்துக் கொடுக்கிற வேலைக்கு வருகிறேன். நாய் வளர்க்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பனி பெய்கிற தேசத்து நாயைத் திருநெல்வேலி வெயிலுக்கு வாங்கி வந்துவிட்டு, "ஏசி ரூமை விட்டு வரவே மாட்டேங்குது சார்" என்று பெருமையாகப் புலம்புவார்கள். பிறந்தநாள் என்று கேக்கை ஊட்டிவிட்டு மறுநாள் வயிற்றுப்போக்கோடு தூக்கி வருவார்கள். இந்தக் கூட்டத்தைப் பிடித்துப் பிடித்து எனக்குக் கையும் அலுத்துவிட்டது, மனசும் அலுத்துவிட்டது. அதற்கு நடுவில்தான் ஜமீலா பீவி வந்தார்.

முதல் நாள் வந்தபோது அவர் கையில் நாய் இல்லை.

"அண்ணாச்சி, வலிப்பு வந்தா ஆளைக் கூப்பிடுத நாய் இங்கன கிடைக்குமா?"

நான் சிரித்துவிட்டேன். "வெளிநாட்டுல அப்படிப் பழக்குதாங்க. இங்கன கிடைக்கது எல்லாம் ஆளைக் கடிக்குத நாய்தான்."

அவர் சிரிக்கவில்லை. "அப்பம் குட்டியாக் குடுங்க. நானே பழக்கிக்கிடுதேன்."

அவருடைய மகள் முஃபீதாவுக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை சாப்பிடுகிறாள், இருந்தும் வருகிறது. கல்லூரி முடித்து, வீட்டிலேயே ரவிக்கைக்கு ஆரி என்கிற ஊசிப் பூவேலை செய்துகொண்டிருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு முறை விழுந்தாள். அதற்குப் பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. அதைக்கூட ஜமீலா பீவி தாங்கிக்கொண்டார். குப்புற விழுந்தால்தான் அவருக்குப் பயம். ஒரு தடவை தலையணையில் முகம் புதைந்து, மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரித்துக் கிடந்திருக்கிறாள். உரிய நேரத்தில் புரட்டிப் போட ஆள் இருந்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் இல்லை. மகளைப் பார்க்கிற டாக்டர் இதை நேராகவே சொல்லிவிட்டார்.

அந்த ஆள் ஜமீலா பீவிதான். கணவர் மதாருக்குத் திசையன்விளையில் பேன்சி கடை. வியாழன் ராத்திரி வந்து சனிக்கிழமை போய்விடுவார். ஜமீலா பீவி தன் சேலைத் தலைப்பை மகளின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுப்பார். மகள் புரண்டால் இவருக்கு விழிப்பு வரும். மகள் புரளாவிட்டாலும், ஏன் புரளவில்லை என்று விழிப்பு வரும். பகலில் குளிக்கப் போனாலும் கதவைத் தாழ் போடுவதில்லை. "கப்ருக் குழிக்குள்ள போனாத்தான் நான் ஒறங்குவேன் அண்ணாச்சி. நான் போயிட்டா இவளை யாரு புரட்டிப் போடுவா?" என்று கேட்டார். முன்னே சிரித்தது எனக்கு வெட்கமாகிவிட்டது.

அப்போது ஆஸ்பத்திரியில் யாரோ அட்டைப்பெட்டியில் விட்டுப் போன குட்டிகள் இருந்தன. தாய் லேப்ரடார், தகப்பன் தெரு. அதில் எல்லார் பின்னாலும் ஓடி வருகிற, வெளிறிய நிறத்துப் பெண்குட்டி ஒன்றைக் கொடுத்தேன். சீனி என்று பெயர் வைத்தார்.

முஸ்லிம் வீட்டில் நாய் என்றால் சும்மாவா? தெருவே பேசியது. மதாரின் அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஜமீலா பீவி பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். தேவைக்கு வளர்க்கலாம், ஆனால் அதன் எச்சில் பட்ட இடத்தை ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், அதில் ஒரு தண்ணீர் மண் கலந்ததாக இருக்க வேண்டும் என்றார் அவர். அன்றே ஆற்றிலிருந்து சுத்தமான மண் எடுத்து வந்து, பால்பவுடர் டப்பாவில் போட்டுக் குழாயடியில் வைத்துவிட்டார். சீனி நக்கும், இவர் கழுவுவார். மறுபடியும் நக்கும். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக வெடித்துப்போய், அந்தக் கைகளோடுதான் ஊசி போட வருவார்.

பழக்குவது என்றால் என்ன? ஒருவர் விழ வேண்டும், கை காலை உதற வேண்டும். நாய் அடுக்களைக்கு ஓடிப் போய் அங்கிருப்பவரைக் குரைத்து அழைக்க வேண்டும். அழைத்தால் அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு. நடிக்க முஃபீதா ஒத்துக்கொள்ளவில்லை. "நெசமா வாறது பத்தாதா உம்மா? நடிக்க வேற செய்யணுமா?" என்றாள். அதனால் முட்டுவலிக்காரியான ஜமீலா பீவியே விழுந்தார். மகள் அடுக்களையில் ஈரலோடு நின்றாள். மாதக்கணக்கில் விழுந்து அவருக்குக் கை முட்டியெல்லாம் காய்த்துவிட்டது; சீனியும் நன்றாகப் பழகிவிட்டது. பிறகு ஒருநாள் முஃபீதா நிஜமாகவே விழுந்தபோது, சீனி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. உம்மா விழுந்தால் மகளைக் கூப்பிட வேண்டும் என்றுதான் அது படித்திருந்தது. இதைச் சொல்லும்போது அவர் முதல் முறையாகச் சிரித்தார். அழுதிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

கடைசியில் முஃபீதாவே விழுந்து நடித்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நடிப்பாளாம். அடுத்த மழைக்காலத்தில், ஆரிச் சட்டத்தின் மேல் அவள் நிஜமாகச் சாய்ந்தபோது, சீனி அடுக்களைக்குப் பாய்ந்து ஜமீலா பீவியின் சேலையைக் கவ்வி இழுத்தது. இன்னொரு தடவை மாடிப்படியில் வலிப்பு வந்தபோதும் கூப்பிட்டது. அன்று ராத்திரி ஜமீலா பீவி சேலைத் தலைப்பை மகள் கையில் சுற்றாமல் படுத்தார். விடியற்காலை சுபுஹு பாங்குச் சத்தம்கூடக் கேட்காமல் தூங்கிப் போனதை, ஏதோ தப்புச் செய்த மாதிரி என்னிடம் சொன்னார்.

ஆனால் சீனிக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. தொழுகையில் சஜ்தா செய்யும்போது நெற்றி தரையில் படும். தரையில் முகம் வைத்த ஆள் விழுந்த ஆள்தான் என்பது அதன் கணக்கு. உம்மா சஜ்தாவுக்குப் போனால் மகளை இழுக்கும். மகள் போனால் உம்மாவைக் கூப்பிடும். வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்த மதார் சாயங்கால அஸர் தொழுதபோது அவர் தலைமாட்டில் நின்று குரைத்து வீட்டையே கூட்டிவிட்டது. அவர் கோபக்காரர் இல்லை, இருந்தாலும் தொழுகையில் கை வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"ஒண்ணு, தொழுகைக்கு இது சும்மா கெடக்கணும். இல்லைன்னா நான் கடைக்குக் காவலுக்குக் கொண்டு போயிருதேன்" என்று சொல்லிவிட்டார்.

ஜமீலா பீவி மறுபடியும் ஈரல் அவித்தார். முசல்லா என்கிற தொழுகை விரிப்பை விரித்தால் சீனி நிலைவாசல் பக்கம் ஒரு சாக்கில் படுத்துவிட வேண்டும், சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது, முடிந்ததும் ஈரல். விழுவதைப் படிக்க அவ்வளவு நாள் எடுத்த நாய், இதைச் சீக்கிரமே படித்துவிட்டது. சும்மா படுத்திருப்பதற்குத் தின்னக் கொடுத்தால் எந்த நாய்தான் படிக்காது? முசல்லாவைக் கையில் எடுத்தாலே சாக்குக்குப் போய்விடுமாம். மதாரே "அறிவுள்ள சீவன்தான்" என்றாராம். அந்த மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஜமீலா பீவியின் முகத்தில் தூக்கக் கலக்கம் இல்லை. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். அதுவரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அது நடந்தது பொழுது அடைகிற ஒரு மஃரிப் நேரம். ஜமீலா பீவி தன் தொழுகையை முடித்துவிட்டு அடுக்களையில் அரிசி மாவு ஒரட்டி தட்டிக்கொண்டிருந்தார். முஃபீதா முன்னறையில் தொழுதுகொண்டிருந்தாள். அடுக்களையிலிருந்து பார்த்தால் மகள் தெரியமாட்டாள். சாக்கில் படுத்திருக்கிற சீனி தெரியும். சீனி படுத்திருந்தது. அது போதும் என்று இவர் மாவை உருட்டினார். நிமிர்ந்து பார்த்தபோது சீனி இவரையே பார்த்தது. வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பு நடுங்கியது. ஈரலுக்குத்தான் தவிக்கிறது என்று நினைத்து, "இரு, அக்கா சலாம் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஒரட்டியைக் கல்லில் போட்டார். சீனி முனகியது. சாக்கை விட்டு எழவில்லை. அந்த ஒரட்டியைத் திருப்பிப் போடும்போதுதான், மஃரிப் தொழுகை இவ்வளவு நீளாதே என்று அவருக்கு உறைத்தது.

சஜ்தாவில் இருந்தபடியே வலிப்பு வந்திருக்கிறது. முகம் முசல்லாவில் அழுந்திக் கிடந்தது.

ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் மிஷின் வைத்து மூச்சு விட வைத்து, எப்படியோ பிழைத்தாள். இப்போது பேச்சு கொஞ்சம் இழுக்கிறது. ஆரி ஊசி பிடித்த கை நடுங்குகிறது. அந்த வேலையை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஜமீலா பீவி சீனியோடு வந்தபோது, நாயைத் திருப்பி விடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளக் கூண்டைக்கூடத் திறந்து வைத்தேன். அவர் கூண்டைப் பார்க்கவே இல்லை.

"இது மேல குத்தமில்ல அண்ணாச்சி. நான் சொன்னதைத்தான் இது செஞ்சுது. நடுங்கிக்கிட்டே செஞ்சுது. நான்தான் இருன்னேன்." சீனியைத் தன் காலோடு சேர்த்து இழுத்துக்கொண்டார். "இப்பம் இதை மறக்கடிக்கணும். எப்படின்னு சொல்லுங்க."

எனக்கு நாயைப் பிடிக்கத்தான் தெரியும். அதையே சொன்னேன்.

அவர் ஹஜ்ரத்திடம் போனார். முசல்லாவை விரித்து, அதில் நெற்றி வைத்து, வலிப்பு வந்த மாதிரி உதறலாமா என்று கேட்டிருக்கிறார். ஹஜ்ரத், "தொழுகைன்னு மனசுல நிய்யத்து வைக்காமச் செய்யிங்க. உசுரைக் காப்பாத்தத்தானே செய்யுதிய" என்றாராம்.

அப்படியே செய்தார். தினமும் முசல்லாவை விரித்து, நிய்யத்து வைக்காமல், நெற்றியைத் தரையில் வைத்து உதறினார். சீனி சாக்கில் கிடந்தது. சாக்கை எடுத்துவிட்டார், சாக்கு கிடந்த வெறும் தரையில் போய்ப் படுத்தது. ஈரலைக் காட்டினாலும் எழவில்லை. உடம்பு நடுங்க நடுங்கப் பார்த்துக்கொண்டே கிடக்கும். தொழுகிற இடத்தில் பொய்யாக விழுந்து எழுந்து, பிறகு முகம் கை கால் கழுவி உளூச் செய்து அதே இடத்தில் நிஜமாகத் தொழுவார். "எது நெசம், எது பொய்யின்னு எனக்கே தட்டுக்கெட்டுப் போச்சு அண்ணாச்சி" என்றார். கை முட்டிகள் மறுபடியும் காய்த்துப் போயிருந்தன.

போன நோன்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மதார் அஸர் தொழுது சஜ்தாவுக்குப் போனபோது சீனி எழுந்தது. பைய அவர் பக்கத்தில் போய் நின்று ஒரு தடவை குரைத்தது. பிறகு அடுக்களைக்கு ஓடி வந்து ஜமீலா பீவியின் சேலையை இழுத்தது. தனக்கு வந்தது நாய் படித்துவிட்ட சந்தோஷமா, மதார் என்ன சொல்வாரோ என்ற பயமா என்று இவருக்கே தெரியவில்லை. மதார் தொழுகையை விடவில்லை. முடித்து, சலாம் கொடுத்து, எழுந்து அடுக்களைக்கு வந்தார். ஈரல் கிண்ணத்தை எடுத்து, அதுவரை சீனியைத் தொட்டறியாத மனிதர், உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அது நக்கி முடிக்கிறவரை நின்றார். பிறகு குழாயடிக்குப் போய் மண் டப்பாவைத் திறந்து கையைக் கழுவினார்.

இப்போது அந்த வீட்டில் யார் சஜ்தா செய்தாலும் சீனி குரைக்கிறது. முஃபீதா தொழுதால், ஜமீலா பீவி கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, முன்னறை வரை போய்ப் பார்க்கிறார். மகள் தலையைத் தூக்கினால் திரும்பி வருகிறார். உட்காருகிறார். அடுத்த சஜ்தாவுக்கு மறுபடியும் எழுந்திருக்கிறார். ஐந்து வேளையும் இப்படித்தான். சேலைத் தலைப்பும் மகளின் மணிக்கட்டுக்குத் திரும்பிவிட்டது.

போன வாரம் வெறிநாய் ஊசிக்கு வந்திருந்தார். நான் சீனியைப் பிடித்துக்கொண்டேன். அது என் கையை நக்கியது. அவர் பெஞ்சில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். கண் சொருகிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, ஒறங்கணும்னுதானே இதை வளத்திய" என்றேன். "இப்பம் முன்னைக்கும் மோசமால்லா போச்சு."

"அது குரைச்சா நான் எந்திரிக்கணும் அண்ணாச்சி. குரைக்கலைன்னாலும் என்னாச்சோன்னு எந்திரிக்கணும்." கயிற்றை என்னிடமிருந்து வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார். "கேட்டு எந்திரிக்கது லேசு."

வெளியே ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். சீனியைத் தூக்கிக் கால்மாட்டில் விட்டு, அவரும் ஏறி உட்கார்ந்தார். அஸருக்குள் வீடு போய்ச் சேர வேண்டும், முஃபீதா தொழ ஆரம்பித்துவிடுவாள் என்று ஆட்டோக்காரனிடம் சொன்னார்.