காசுச் சுருளும் சம்பந்தி வீட்டுக் காப்பியும்

பழைய காசு வாங்கி விற்கிற தொழிலில், காசைவிட வேகமாகத் தேய்வது நம் மூஞ்சிதான். காகிதத்தில் சுற்றிய காசுச் சுருளைப் பிரிக்காமல் நம்பி வாங்கி, வீட்டில் போய்ப் பிரித்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த சக வியாபாரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திருப்பூரில் எனக்குச் செகண்ட்ஸ் பனியன் கடை, அதாவது கம்பெனிகள் குறை சொல்லிக் கழித்துவிட்ட சரக்கு. காசு வியாபாரம் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். மகளைப் பெருமாநல்லூரில் கட்டிக்கொடுத்தபோது, "காசு பார்ப்பதில் கெட்டிக்காரர்" என்று சம்பந்தியிடம் யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். அவருக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. மகள் வாழப்போன வீட்டில் எனக்கிருந்த மரியாதை முழுக்க அந்த ஒரு பேச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டைக் காலணா

சாமளாபுரத்தில் தறி வைத்திருப்பவர் ஒருவரிடம் ஓட்டைக் காலணாச் சுருள்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மஞ்சளேறிய காகிதம், இரண்டு நுனியிலும் அருமையான காலணா. பனியன் கட்டில் மேலேயும் கீழேயும் நல்ல பீஸை வைத்து, நடுவில் ஓட்டை விழுந்ததைச் சொருகுவார்கள் என்பது என் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். ஆனால் மனுசன் காப்பி கொடுத்து, சோறும் போட்டுவிட்டார். சாப்பிட்ட கையோடு காந்தத்தை எடுத்து வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சம். பிரித்தால் விலை போய்விடும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் பிரித்தால், நுனிக் காசுகளுக்கு நடுவே அத்தனையும் தறிக்குப் போடுகிற இரும்பு வாஷர். கொதித்துப்போய்த் திரும்ப ஓடினேன். அவர் வாஷரைப் பார்த்து என்னைவிட அதிகமாகத் திகைத்துப்போனார். "ஏனுங்க, நானும் பிரிக்காமத்தானுங்க வாங்கி வெச்சிருந்தேன். நீங்க தொழில் தெரிஞ்சவரு, அதெல்லாம் பாத்துத்தான் எடுத்திருப்பீங்கன்னு இருந்துட்டனுங்க!"

கறை எடுத்த கதை

சம்பந்தி ஒரு செப்புக் காலணாச் சுருளைக் கொடுத்து, நல்ல ஆளாகப் பார்த்து விற்றுத் தரச் சொன்னார். இந்த முறை புத்தியாக முழுவதையும் பிரித்துப் பார்த்தேன். அத்தனையும் அசல். ஆனால் ஒரே கருப்பு. கறை இருந்தால் பீஸ் திரும்பி வந்துவிடும் என்று வாழ்ந்த ஊர்க்காரன் சும்மா இருப்பானா? முதலில் பனியனுக்குக் கறை எடுக்கிற ஸ்ப்ரே கன்னால் அடித்தேன். போகவில்லை. சாயப்பட்டறையில் கொஞ்சம் ஆசிட் வாங்கிவந்து முக்கினேன். பளபளவென்று புது அண்டா மாதிரி வந்தது.

கோயமுத்தூர் வியாபாரி ஒருவரை வரச் சொல்லி, பக்கத்தில் சம்பந்தியையும் உட்கார வைத்துக்கொண்டு, பெருமையாக எடுத்து நீட்டினேன். வியாபாரி ஒரே ஒரு காசைத் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்துவிட்டார். "எதுக்குங்க கழுவுனீங்க? அந்தக் கருப்புக்குத்தானுங்க விலையே!" என்றார். சம்பந்தி காசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூட ராத்திரி தூங்கியிருப்பேன்.

தாமரைப் பூ

அப்புறமும் சம்பந்தி என்னைக் கூப்பிட்டார். கூப்பிடாமல் விட்டால் நான் வருத்தப்படுவேனாம். அமராவதி நகர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், தாமரைப் பூ போட்ட இருபது பைசாச் சுருள்களை விற்கச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இழந்ததையெல்லாம் இன்றைக்கு மீட்டுவிடுவது என்று போனேன். பையில் லென்ஸ், காந்தம், சின்னத் தராசு. வேறெதற்கும் இடமில்லை.

காந்தம் வைத்தேன், எடை போட்டேன், நடுச்சுருளைப் பிரிக்கச் சொன்னேன். ஒவ்வொரு காசும் தங்கம் மாதிரி மின்னியது. எனக்கு ஆசிட் வாடைதான் ஞாபகம் வந்தது. "எல்லாம் கழுவின காசு, வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். விவசாயி சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவற்றை வாங்கியது அதே கோயமுத்தூர் வியாபாரி. கழுவவே இல்லையாம். அச்சடித்த நாளிலிருந்து கைபடாமல் இருந்த காசாம், கிடைக்கவே கிடைக்காதாம். அடுத்த முறை நான் போனபோது சம்பந்தி இதைச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றார். அவமானத்தில் சர்க்கரை போட்டிருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

வாசல்வரை மகள் வந்தாள். பழக்கதோஷத்தில் அன்றைக்கும் தோளில் அதே பைதான். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்: "அப்பா, இனி லென்ஸும் காந்தமும் எடுத்துட்டு வராதீங்கப்பா. எல்லாரு ஊட்டு அப்பாவும் கொண்டு வர்ற மாதிரி ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிட்டு வாங்க, போதும்."

ஆகவே சக வியாபாரிகளே, இப்போதெல்லாம் பெருமாநல்லூர் பஸ் ஏறுமுன் முறுக்குக் கடைக்குப் போய், மேலே இருப்பதை நம்பாமல் நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.