தளேகாவ் புளியமரத்துப் பேயைப் படமெடுக்கப் போனேன்

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு வானவடியில் ஆட்டோ பிடிக்கும்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. மீட்டர் போட மாட்டேன் என்றார் ஓட்டுநர். பூனா ஸ்டேஷனுக்கு இருநூறு ரூபாய். ஏன் என்று கேட்டதற்கு, என் தோளில் தொங்கிய பெரிய லென்ஸ் பையைக் கண்ணால் காட்டினார். பை வைத்திருப்பவனெல்லாம் பணக்காரன் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ. கொடுத்துத் தொலைத்தேன். இருட்டுவதற்குள் தளேகாவ் போய், என் அக்கா வீட்டுப் பேயைப் படமெடுத்தாக வேண்டும்.

மாமா தொழிற்சாலை வேலையாக மூன்று மாதம் குஜராத் போயிருக்கிறார். அக்கா புதுக் குடியிருப்பின் முதல் மாடியில் தனியாக இருக்கிறாள். ஜன்னலுக்கு எதிரே புளியமரம். பொழுது சாய்ந்ததும் அதிலிருந்து ஒரு பெண் அலறுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது என்னவென்று தெரியாவிட்டால், பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று போனில் சொல்லிவிட்டாள். எங்கள் வீடு இரண்டே அறை. அதில் நான், மனைவி, மகள், என் லென்ஸுகள். பாசம் இல்லாமல் இல்லை, இடம்தான் இல்லை.

லோக்கல் டிக்கெட் பத்து ரூபாய். ரயில் நாற்பது நிமிடம் தாமதம். எதிர் சீட்டுக்காரர் கேமராவைப் பார்த்துவிட்டு, கல்யாண ஆர்டரா, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று இந்தியில் விசாரித்தார். பறவை எடுக்கப் போகிறேன் என்றேன். பறவை காசு கொடுக்குமா என்று கேட்டு அவரே சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடமும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டு சிவாஜிநகரில் இறங்கிப் போனார்.

வண்டி கட்கியைத் தாண்டும்போது கோபம் அக்கா பக்கம் திரும்பியது. அங்கே ஃபாக்டரி குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம். கரண்ட் போனால் போதும், அக்கா ஆரம்பித்துவிடுவாள். தண்டவாளத்தில் தலை போன ஒருத்தி, பசியோடு செத்தவள், மரத்தில் உட்கார்ந்து கத்துவாள். மரத்தடியில் சாப்பாடு வைத்தால் அந்த வீட்டை விட்டுவிடுவாள். தலையில்லாதவள் எப்படிக் கத்துவாள் என்று கேட்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை. ஒரு தீபாவளிக்கு என் பங்கு லட்டு முழுவதையும் பின்பக்க வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். காலையில் தட்டு காலி. தின்றது யார் என்பது கல்லூரி போகும் வயதில்தான் எனக்கு உறைத்தது.

அக்கா வீடு போய்ச் சேர ஐந்து மணி. டீ, வெங்காய பஜ்ஜி, ஊரில் இல்லாத மாமாவின் முட்டிவலிப் புராணம் எல்லாம் முடிந்து கீழே இறங்கி, காம்பவுண்டுச் சுவர் ஓரம் ட்ரைபாடை நிறுத்தினேன். அசையாதே, பேசாதே என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இரண்டு கை வளையலும் குலுங்க, சோறு, அவித்த முட்டை, வறுத்த கருவாடு என்று ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இது இன்னாக்கா?"

"அவளுக்குத்தான். டெய்லி வைக்கறேன். காலையில ஒரு பருக்கை இருக்காது. ஆனா சத்தம் மட்டும் ஜாஸ்தி ஆயினே போவுது."

"நீயே கட்டிவிட்ட கதைக்கா அது. என் லட்டைத் தின்னது யாரு?"

"அது வேற, இது வேறடா. அப்போ சும்மா சொன்னேன். இது நிஜமாவே கத்துது."

எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தட்டை மரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

ஆறே முக்காலுக்குச் சாக்கடை மூடியின் இடுக்கிலிருந்து ஒரு எலி வந்தது. பின்னாலேயே நாலைந்து. தட்டை மொய்த்தன. அப்போது மரத்தில் அந்தக் குரல் எழுந்தது. நடுங்கி நடுங்கி நீளும் அலறல். பறவைதான் என்று தெரிந்தே வந்த நானே ட்ரைபாடை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கிளையிலிருந்து பெரிய உருவம் ஒன்று சிறகுச் சத்தமே இல்லாமல் இறங்கியது. பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்தினேன்.

படம் அத்தனை துல்லியம். உடம்பெல்லாம் பொரிப்பொரியாகப் புள்ளி போட்ட ஆந்தை, அதன் காலில் எலி, எலியின் வாயில் கருவாடு. இப்படி ஒரு படம் எனக்கு இதுவரை கிடைத்ததே இல்லை. சந்தோஷத்தில் அக்காவுக்குப் பாடமே எடுத்துவிட்டேன். பேயும் இல்லை, பெண்ணும் இல்லை; உன் சோற்றுக்கு எலி வருகிறது, எலிக்கு ஆந்தை வருகிறது, அவ்வளவுதான் என்றேன். அக்கா படத்தைப் பெரிதாக்கி எலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விறுவிறுவென்று மாடி ஏறினாள். பயம் தெளிந்துவிட்டது என்று நிம்மதியாக ட்ரைபாடை மடித்தேன்.

நான் மேலே போனபோது பெட்டி பூட்டி வாசலில் இருந்தது.

"அவ ஒருத்தின்னு நெனச்சு இத்தினி நாள் சமாளிச்சேன். பேயோட இருந்துடலாம்டா, எலியோட என்னால முடியாது. சலோ, வண்டி புக் பண்ணு."

வாடகைக் காருக்கு ஆயிரத்து நூறு ரூபாய். ஹிஞ்சேவாடி திருப்பத்து ட்ராஃபிக்கில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றோம். பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு அக்கா நன்றாகத் தூங்கினாள்.

தளேகாவ் போல இல்லை, எங்கள் குடியிருப்பில் மரமே கிடையாது. பார்க்கிங்குக்காக எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் கரண்ட் போனது. ஹாலில் பாதி இந்தியும் பாதி தமிழுமாக, தண்டவாளத்தில் தலை போனவளின் கதையை என் மகளுக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தாள் அக்கா. சாப்பாடு வைக்கும் இடம் வந்ததும் மகள் எழுந்து, இருட்டில் தடவிக்கொண்டே போய், தன் பங்கு ஜிலேபியைத் தட்டோடு பால்கனியில் வைத்துவிட்டு வந்தாள்.

காலையில் தட்டு காலியாக இருந்தது. எலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.